இலுப்பை மரத்துத் தேனீ

எனக்கு வேலை நிரந்தரமானது 1979 ஆகஸ்டில். ஆர்டரைப் பார்த்ததும் என் பெண்டாட்டி அந்தோணிமேரி மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போனாள். நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவளிடம் இதுவரை சொன்னதும் இல்லை.

என் வேலை ஊர் ஊராகப் போய்த் தேனீ வளர்ப்புப் பாடம் நடத்துவது. சைக்கிள் கேரியரில் தேனீப்பெட்டியைக் கட்டிக்கொண்டு காரைக்காலைச் சுற்றியிருக்கும் பள்ளிக்கூடங்களுக்குப் போவேன். பிள்ளைகளுக்குப் பாடம், வேடிக்கை பார்க்க வரும் பெரியவர்களிடம், பெட்டி வைத்துக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு கையெழுத்து. முப்பது கையெழுத்து சேர்ந்தால் நிரந்தரம் என்று அதிகாரி சொல்லியிருந்தார். ஆறு வருஷமாகத் தினக்கூலியாக இருந்தவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அந்த மார்ச்சில் இருபத்தாறு சேர்ந்திருந்தது.

சுரக்குடியைத் தாண்டி ஒரு சின்னப் பள்ளிக்கூடம். வேப்பமரத்தடியில் பெட்டியைத் திறந்து, லேசாகப் புகை காட்டி, தேனீ மொய்த்த சட்டத்தை வெறுங்கையால் தூக்கிக் காட்டினேன். அதுதான் என் வித்தை. சனங்கள் வாயைப் பிளந்து நிற்பார்கள். பிறகு, துறை அச்சடித்துக் கொடுத்த தாளில் உள்ளதைப் பிள்ளைகளை மூன்று தரம் கத்திச் சொல்ல வைத்தேன்: “தேனீ வந்தால் ஓடக் கூடாது. கையை வீசக் கூடாது. அசையாமல் நின்றால் தேனீ கொட்டாது.”

அந்தத் தாளை எழுதிய புண்ணியவான் பெட்டித் தேனீயைத் தவிர வேறு எதையும் பார்த்திருக்க மாட்டான். எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். நான்காம் வகுப்பு, பெயர் மங்கையர்க்கரசி. எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல்.

“சார், எங்க தெருக் கொளத்தங்கரை இலுப்ப மரத்துல மொறம் மாதிரி பெரிய கூடு தொங்குது சார். அதுக்கும் அசையாம நின்னாப் போதுமா?”

அது மலைத்தேனீ. பெட்டித் தேனீ பூனை என்றால் அது புலி. கலைந்தால் கூட்டமாக இறங்கும். ஓடிப்போய் வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்துவது ஒன்றுதான் வழி. இரண்டே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அவளுக்குப் பின்னால் நாலு விவசாயிகள் நின்றார்கள். அவர்களில் காத்தமுத்து என்பவர், “கொட்டி யாருக்காவது ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?” என்று ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்தார். தேனீ ஆளைக் கொல்லும் என்று நான் வாயைத் திறந்தால் நாலு பேரும் நடையைக் கட்டிவிடுவார்கள். எனக்கு வேண்டியதும் நாலே கையெழுத்து.

“எல்லாம் தேனீதாம்மா. நாம அசையாம இருந்தா அது நம்மள ஒண்ணும் பண்ணாது. உக்காரு,” என்றேன்.

நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, பையன்கள் இலுப்பை மரத்துக் கூட்டில் கல்லெறிந்தார்கள். கூடு கலைந்ததும் எல்லாரும் அலறியடித்து ஓடினார்கள். ஒருவன் குளத்தில் குதித்தான். மங்கையர்க்கரசி மட்டும் ஓடவில்லை. கையை உடம்போடு ஒட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாளாம். குளத்தில் குதித்தவன் சொன்னது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது மூச்சு இருந்தது. சாயங்காலம் இல்லை.

ஊர் பையன்களைத்தான் ஏசியது. என் பாடத்தை யாரும் நினைக்கவில்லை. தாளில் மலைத்தேனீ பற்றி இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்று அதிகாரியிடம் போய் நின்றேன்.

“சூசைராஜ், காட்டுத் தேனீ நம்ம துறை இல்லய்யா. ஆர்டர் வர்ற நேரம், வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இரு,” என்றார்.

சும்மா இருந்தேன். அது எனக்கு நன்றாகவே வருகிறது.

ஆர்டர் வந்த மறுவாரம் காத்தமுத்துவின் கொல்லையில் பெட்டி வைத்துக்கொண்டிருந்தேன். களையெடுத்த சேற்றுக் காலோடு ஒரு பெண் வந்து நின்றாள். “பெரியநாயகி. அந்தப் புள்ளையோட அம்மா,” என்றார் காத்தமுத்து மெதுவாக. அறையப் போகிறாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம்.

“நீங்கதானா அந்தத் தேனீ சாரு? எம்பொண்ணு வூட்டுக்கு வந்து உங்களாட்டமே பாடம் நடத்துவா சார். தம்பிய அசையாம நிக்க வெச்சுப் பழக்குவா.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “மத்தப் புள்ளைங்கல்லாம் ஓடிப்போச்சுங்க சார். அவ ஓடலயே. நீங்க சொன்னபடிதானே நின்னா? அப்புறம் ஏன் சார் கொட்டுச்சு?”

காத்தமுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் தேனீக்கள் இரைந்தன.

“கொஞ்சம் அசைஞ்சிருப்பாம்மா,” என்றேன்.

“ஆமாங்க சார். சின்னப் புள்ளதானே,” என்று தலையை ஆட்டிவிட்டு அவள் வயலுக்குத் திரும்பிப் போனாள்.