ஸ்டேஷனுக்குப் போகும் சோறு

செல்லியம்மாள் மீன் கூடையை மெஸ்ஸின் பின்வாசலில் இறக்கியபோதும் நினைப்பெல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கமே இருந்தது. பெருங்களத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்தே அப்படித்தான். எதிர்ச்சாரியில் போலீஸ் ஸ்டேஷன். மகன் ஜெயவேலு அதற்குள் இருக்கிறானா, இல்லையா? மீன் மார்க்கெட்டில் யாரோ யாரையோ வெட்டிவிட்டுப் போக, அங்கே கூடை இறக்கிக்கொண்டிருந்த பையன்களையெல்லாம் முந்தாநாள் வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு அங்கே வேலைக்குப் போன இவனும் வீடு திரும்பவில்லை, செல்போனும் அணைந்து கிடக்கிறது. நேரே போய்க் கேட்டுவிடலாம்தான். ஆனால் பாவிப் பயல் அகப்படாமல் எங்காவது ஓடி ஒளிந்திருந்தால்? பெற்றவளே வலியப் போய்ப் பெயரைச் சொல்லிப் பிடித்துக் கொடுத்த கதையாகிவிடுமே!

மெஸ் நடத்தும் குப்புராஜ்தான் ஸ்டேஷனில் அடைபட்டவர்களுக்கும் சோறு அனுப்புகிறவர். மீனை எடை போட்டபடியே, ஸ்டேஷன் வியாபாரம் எப்படி என்று பட்டும் படாமலும் கேட்டாள்.

"மார்க்கெட் பசங்களுக்கும் நாமதான் சோறு. அதுல ஒருத்தன் பேஜார் புடிச்சவன்கா. மீன் கொழம்பத் தொட மாட்டேன்றான். அம்மனுக்குக் காப்பு கட்டிகினு கீறானாம். வெறுஞ்சோத்துல தண்ணிய ஊத்திகினு துன்றான்."

மீனோடு பிறந்து மீனோடு வளர்ந்துவிட்டு, பசித்த வேளையில் மீன் குழம்பைத் தள்ளி வைக்க அவள் பிள்ளையைத் தவிர எவனுக்கு வைராக்கியம் உண்டு? போன வெள்ளிக்கிழமை பூசாரி அவன் கையில் மஞ்சள் கயிறு கட்டியபோது பக்கத்தில் நின்றவள் அவள். உயிரோடு இருக்கிறான்! அகப்பட்டுத்தான் போனான், இனி மறைக்க என்ன இருக்கிறது? கூடையைப் போட்டது போட்டபடி ரோட்டைக் கடந்தாள்.

"சார், எம் புள்ள ஜெயவேலு. காப்பு கட்னவன். அவன் ஒரு தப்பும் பண்ணல சார்."

ஏட்டு உள்ளே திரும்பிக் காப்புக்காரனை எழுந்து வரச் சொன்னார். கம்பியைப் பிடித்த கையில் மஞ்சள் கயிறு இருந்தது. முகம், எவள் பெற்ற பிள்ளையுடையதோ. உதடு வீங்கி, கண்ணைத் திறக்கமாட்டாமல் நின்றான். ஆடி மாதத்தில் எந்தக் குப்பத்துப் பையன் கையில்தான் அந்தக் கயிறு இல்லை? செல்லியம்மாள் ஓரடி பின்வாங்கினாள்.

"இவன் இல்லியா?" ஏட்டின் குரல் தணிந்தது. "ஜெயவேலுன்னு இங்க யாரும் இல்லையேம்மா. அவனும் மார்க்கெட்லதான் இருந்தானா?"

அந்த ஸ்டேஷனில் மீன்காரியை யாரும் உட்காரச் சொன்னதில்லை. ஏட்டு எழுந்து, ஒரு நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டார்.