சிவப்புக் குதிரை, ஒற்றை வெள்ளைக் கால்

சுவரில் நான் மூன்று வாரம் உயிரைக் கொடுத்து வரைந்த படத்தைப் பார்த்ததும் ஷேர்காசி அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "குதிரைக்கு வால் எங்கே?"

குதிரைமேல் இருந்து ஆட்டுடலுக்காக மோதும் கோக்-போரு ஆட்டத்தில், எங்கள் தலாஸ் பக்கத்து அணிக்கு அவர்தான் தலைவர். எதிராளிகளிடமிருந்து ஆட்டுடலைப் பறித்துக்கொண்டு குதிரையில் பாயும் தன்னை மைதானத்துச் சுவரில் வரையச் சொல்லியிருந்தார். மதியம் பெஷ்பர்மாக் இறைச்சி விருந்துக்குப் பக்கத்து ஊர் அணி வருகிறது. படம் தனக்குப் பிடிக்காவிட்டால் அதற்குள் வெள்ளையடித்துவிடுவதாகச் சுண்ணாம்பு வாளியோடு வந்து நின்றார்.

"வால் இன்னும் சுவருக்குள்ள வந்து சேரலண்ணே. அவ்வளவு வேகம்."

"காலு எட்டு இருக்கே. குதிரையா, சிலந்தியா?"

"அதுவும் வேகந்தான்."

"என்னமோ போ. என் குதிரை சாம்பல். இது சிவப்பு. நான் யாரு குதிரையத் திருடினேன்?"

இந்த ஊரில் குதிரைக்கு நிறம்தான் பெயர். தெரிந்தேதான் மாற்றினேன். சாம்பல் புழுதியில் சாம்பல் குதிரையை வைத்தால் அது ஓடாது, தொலைந்துபோகும். சிவப்புதான் முன்னால் பாயும். பார்க்கிறவர் கண்ணும் சேர்ந்து தாவட்டும் என்று முன்னங்கால் ஒன்றை மட்டும் வெள்ளையாக விட்டிருந்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

"சிவப்பு உடம்பு, ஒத்த வெள்ளைக் காலு... அடிப்பாவி, இது அந்த இமான்குலோட குதிரை!"

இமான்குல் பக்கத்து ஊர் அணியின் தலைவர். இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

அண்ணன் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்தார். "அடிங்க. முதல்ல உங்க மூஞ்சியில ஆரம்பிங்க" என்றேன். தன் மூஞ்சிக்குத் தானே சுண்ணாம்பு அடிக்க அவருக்குக் கை வரவில்லை.

அந்த நேரம் பார்த்து இமான்குலே வந்து இறங்கினார். சுவரைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"என் குதிரைமேல நீ எப்படா ஏறின?"

இமான்குல் சுவருக்குக் கிட்டே போய் அந்தக் குதிரையின் கால்களைத் தடவினார்.

"ஆறு வருஷமா ஏறறேன். என்கிட்ட ஒரு நாளும் இப்படி ஓடினதில்லையேடா." சொல்லும்போதே குரல் உடைந்தது. அந்த வெட்கத்தில் கோபம் வந்துவிட்டது. "அழிடா இத! இப்பவே அழி!"

அண்ணன் மட்டையை வீசியெறிந்துவிட்டுச் சுவருக்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றார்.

"தொட்டுப் பாரு!" என்று அவரிடம் கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "மழையில கரையாம இதுமேல ஏதாச்சும் பூசும்மா. சீக்கிரம்" என்றார்.