பெர்லின் கேசட்

கிருபாசங்கர் பெங்களூரில் ஒரே ஒரு வருடம்தான் படித்தான். அதற்குள் ஏழு அரியர் வைத்தான், தோள்வரைக்கும் முடி வளர்த்தான், டெக்னோ என்றொரு இசையைப் பிடித்துக்கொண்டு கோயமுத்தூருக்குத் திரும்பினான். இந்த மூன்றில் முதல் இரண்டையும் அவன் அப்பா கந்தப்பன் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். மூன்றாவது மட்டும் தொண்ணூற்றாறாம் வருடம் பூராவும் அவருக்குத் தெரியாமலே, கணபதியில் அவருடைய சொந்தப் பம்பு கம்பெனியின் டெஸ்டிங் ஷெட்டில், ஞாயிறுதோறும் மதியம் மூன்று மணிக்கு நடந்துகொண்டிருந்தது.

ஞாயிறு பட்டறைக்கு லீவு. கந்தப்பன் காலையிலேயே கிணத்துக்கடவு தோப்புக்குக் கிளம்பிவிடுவார். குரூப் ஸ்டடி என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொள்வான் பையன். படிக்க முப்பது பேர் வருவார்கள், ஒருத்தர் கையிலும் புத்தகம் இருக்காது. பாலிடெக்னிக் பையன்கள், மில்லில் வேலைபார்ப்பவர்கள், வீட்டில் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொல்லிவிட்டு வரும் லோகப்பிரியா, அவளுடைய தோழிகள். மோட்டாரை இறக்கிச் சோதிக்கும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நின்று வேர்க்க விறுவிறுக்க ஆடுவார்கள். வெளியே என்றால் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்காமல் பக்கத்தில் நின்று ஒரு டீ குடிக்க மாட்டார்கள் நம் ஜனங்கள். இங்கே அதை விசாரிக்க வழியில்லை. அவ்வளவு சத்தம்.

ஆட்டத்துக்கு முன்னால் கிருபாசங்கரின் சொற்பொழிவு உண்டு.

"இதுல வரி இல்ல, ஹீரோ இல்ல, காதல் தோல்வி இல்ல. மெஷின்தான் பாடுது. நம்ம வயசுக்குன்னே வந்த சத்தம்டா இது."

பிறந்த நாளிலிருந்து மெஷின் சத்தத்திலேயே தூங்கி எழுந்த ஊர்க்காரர்களுக்கு அவன் இதை வாராவாரம் விளக்கினான். ஷெட் அவனுடையது என்பதால் எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள்.

கேசட் மாற்றுவதும் ஆம்ப்ளிஃபயர் சூடாகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் சாமுவேலின் பொறுப்பு. அதே பட்டறையில் மூன்றாம் நம்பர் லேத்தை ஓட்டுகிறவன் அவன். கந்தப்பனின் தோட்டங்காட்டில் கூலிக்குப் போனவர் சாமுவேலின் அப்பா. கிருபாசங்கரும் அவனும் ஒரே வயது. ஆனாலும் சாமுவேல் அவனைச் 'சின்னவரே' என்பான், அவன் சாமுவேலை 'டா' என்பான். இருவருக்குமே அது உறைத்ததில்லை.

அந்த லேத்தில்தான் வினை ஆரம்பித்தது. ஒரு நாள் அதன் பேரிங் தேய்ந்து, கட்... கட்... உர்ர் என்று சத்தம் போட ஆரம்பித்தது. மற்ற மெஷின்களின் இரைச்சலில் வேறு யார் காதிலும் அது விழவில்லை. ஒழுங்கான தொழிலாளி என்றால் உடனே போய் ஃபோர்மேனிடம் சொல்லியிருப்பான். சாமுவேலுக்கோ மயிர்க்கூச்செறிந்தது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஆளில்லாதபோது அந்த லேத்தை மட்டும் ஓடவிட்டு, டேப்ரிக்கார்டரை வைத்து அந்தச் சத்தத்தைப் பிடித்தான். உக்கடத்தில் யூனுஸ் நடத்தும் கேசட் கடையில் இரண்டு டெக் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்பத் திரும்பப் பதிந்து, சர்ச்சில் இரவல் வாங்கிய சின்ன கேஸியோ கீபோர்டை அடியில் ஓடவிட்டு, எட்டு நிமிஷத்துக்கு ஒரு உருப்படியைச் செய்து முடித்தான். மேலே தன் பெயரை எழுதப் போனவனை யூனுஸ் தடுத்தான்.

"உன்ற பேரைப் போட்டா சர்ச்சுப் பாட்டுன்னு நெனச்சு ஓரமா வெச்சுருவாங்க. இல்லாட்டி, லேத்து ஓட்டற பையன் பண்ணுனதான்னு கேட்டுப்போட்டு நின்னுக்குவாங்க. மொதல்ல ஆடட்டும் சாமு, அப்புறம் சொல்லிக்கலாம்."

சொல்லிவிட்டு லேபிளில் 'பெர்லின்' என்று எழுதினான். துபாயில் இருக்கும் அவன் பெரியப்பா மகன் அனுப்புகிற கேசட்டுகளோடு அதையும் அவனே ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குக் கொண்டுவந்தான்.

ஆடினார்கள். எப்படி ஆடினார்கள்! மற்ற எந்தக் கேசட்டுக்கும் இல்லாத ஆட்டம். கிருபாசங்கர் கண்ணை மூடிக்கொண்டு, கண்ணோரம் நீர் தளும்ப, "ஜெர்மன்காரன் ஜெர்மன்காரன்தான். நம்மாளுகளுக்கு நூறு வருசமானாலும் இது வராது" என்றான். சாமுவேலுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிறு எரியவும் செய்தது. நான்தான் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்துவிடும். சொன்ன மறுநிமிஷம் இந்த முப்பது பேரும் ஆடுவதை நிறுத்திவிட்டால்? அந்த பயத்தில் வார்த்தையை விழுங்கிக்கொள்வான். இரண்டு ஞாயிறு இப்படியே போனது.

மூன்றாம் ஞாயிறு தோப்பில் காய் போடுகிற ஆட்கள் வரவில்லை. கந்தப்பன் மதியமே திரும்பிவிட்டார். வந்தவர் பட்டறை வாசலில் புல்லட்டை நிறுத்தினார், காதைத் தீட்டினார், ஷெட்டுக்குள் பாய்ந்தார்.

"ஆருடா அவன், ஞாயித்துக்கெழமை மூணாம் நம்பரை ஓட்டறது? பேரிங் போயிருக்குது, நிறுத்துங்கடா!"

முப்பது பேர் ஆடுவதோ, நடுவில் பெண்பிள்ளைகள் நிற்பதோ, எதுவுமே அவர் கண்ணில் படவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு பின்பக்கம் மெஷின் ஹாலுக்கு ஓடினார். லேத்தின் மேல் கையை வைத்தார். சில்லென்று இருந்தது. குழம்பிப்போய்த் திரும்பி வந்தார்.

"மெஷின் நிக்குது. சத்தம் மட்டும் ஓடுது!"

"அது பாட்டுங்கப்பா" என்றான் கிருபாசங்கர், ஸ்பீக்கரைக் காட்டி. "பெர்லின்ல பண்ணுனது."

"பதனோரு வருசமா கேக்கற சத்தம் எனக்குத் தெரியாதாடா? என்ற மூணாம் நம்பர் எப்படா பெர்லினுக்குப் போச்சு?"

யூனுஸ் கூரைத் தகரத்தை ஆராய ஆரம்பித்தான். பேசாமல் இரு என்று சாமுவேலுக்குக் கண்ஜாடை வேறு காட்டினான். பேசாமல் இருந்தால் வேலை தப்பும். ஆனால் இன்னொரு தரம் பெர்லின் என்று கேட்க சாமுவேலால் முடியவில்லை. டெக்கை நிறுத்தினான்.

"நாந்தானுங்க."

"என்ன நாந்தான்?"

"லேத்து சத்தத்தைப் புடிச்சது நாந்தானுங்க. பாட்டு பண்ணுனதும் நாந்தானுங்க."

"பேரிங் போனது எப்பத் தெரியும்?"

"ஒரு மாசமாச்சுங்க."

"ஏன்டா சொல்லுல?"

"சொன்னா மாத்திப்போடுவீங்கன்னுதானுங்க."

லோகப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கந்தப்பனுக்கு வந்த கோபத்தில் மீசை துடித்தது.

"ஸ்பிண்டில் போயிருந்தா என்னடா பண்ணியிருப்பே? காத்தால ஏழு மணிக்கு வந்து நீயே மாத்திப்போடோணும், தெரியுதா?" என்றார். பிறகு மகனிடம் திரும்பி, "நீ ராத்திரி ஊட்டுக்கு வா, படிச்சதை ஒப்பிப்பியாமா" என்றார். வேலையை விட்டுப் போ என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. ஆபீஸ் ரூமுக்குப் போகிற வழியில் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் ஒரு கணம் நின்று, "சத்தம் சுத்தமாத்தான் வந்திருக்குது" என்று முனகிவிட்டுப் போனார்.

எல்லார் கண்ணும் சாமுவேல் மேல். கிருபாசங்கர் தொண்டையைச் செருமினான்.

"எனக்கு அப்பவே டவுட்டுதான். அடி கொஞ்சம் முன்னப்பின்ன விழுகுது."

"போன வாரம் கண்ணை மூடிட்டு அழுதது ஆருங்க?" என்றாள் லோகப்பிரியா. "மறுக்காப் போடுங்க சாமுவேல்."

அவன் பட்டனை அமுக்கினான். கட்... கட்... உர்ர். யாரும் ஆடவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நேற்றுவரை கடல் கடந்து வந்த பாட்டு இன்றைக்குப் பின்பக்க ஹாலிலிருந்து வந்துவிட்டதே, இனி இதற்கு ஆடுவது மரியாதையா என்ற யோசனை முப்பது முகத்திலும் தெரிந்தது. அந்த அரை நிமிஷத்தில் சாமுவேல் தன் வாயைத் தானே நூறு தரம் சபித்துக்கொண்டான்.

கிருபாசங்கர் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றான். ஆனால் யாருடைய செருப்போ ஒவ்வொரு 'கட்'டுக்கும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. யாரென்று குனிந்து தேடினான். அவனுடைய கால்தான். அதை லோகப்பிரியாவும் பார்த்துவிட்டாள். அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்த சிரிப்பில் அவனும் சிரித்துவிட, அதற்கப்புறம் யார் முதலில் குதித்தார்கள் என்று சொல்ல முடியாது.

"வாடா" என்று வந்து சாமுவேலின் கையைப் பிடித்தான் கிருபாசங்கர்.

"கேசட்டைப் பார்த்துக்கோணுங்க, சின்னவரே."

"அது ஓடும், நீ வா."

இழுத்த இழுப்பில் தொட்டியோரம் போய் நடுவில் நின்றான் சாமுவேல். அப்போதுதான் தெரிந்தது, அவனுக்கு ஆடவே வராது. அவன் செய்த பாட்டுக்கே அவன் கால் தப்புத் தப்பாக விழுந்தது. கை எங்கே போகிறது, இடுப்பு எங்கே போகிறது என்று ஒரு கணக்கே இல்லை. முப்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஏய் சாமுவேலு, சாமுவேலு!" என்று அவன் பெயரைச் சொல்லிக் கத்திக் கத்திச் சிரித்தார்கள். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. ஆட்டத்தை மட்டும் அவன் நிறுத்தவில்லை.