வீட்டுக்காரம்மாவின் ஜெபம்

வீடு ஏலத்தில் போன பிறகு வீட்டுக்காரர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்டால், வாடகைக்குப் போகிறார்கள் என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஈவ்லினும் அப்படித்தான் போனாள். சிட்லபாக்கத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்த சொந்த வீட்டை விட்டுத் தண்டவாளத்துக்கு மேற்கே, பம்மலில் அரிசிக் கடைக்கு மேலே ஒற்றை அறைக்கு. ஆனால் அது பாதி பதில்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்து கண் அசந்தால் போதும், அவள் பழைய வீட்டில் இருப்பாள். கேட்டைத் திறப்பாள், கறிவேப்பிலை மரத்தடியில் சருகைத் தள்ளுவாள், சமையலறைக்குப் போய்ச் சொட்டிக்கொண்டிருக்கும் குழாயை இறுக்கி மூடுவாள். கனவில் அந்த வீட்டுத் தரையெல்லாம் வெயில் தண்ணீராகத் தேங்கிக் கிடக்கும். யாரும் அவளைப் போகச் சொல்வதில்லை. விழித்த பிறகும் விரல் நுனியில் ஈரம் இருப்பது போலவே இருக்கும்.

மகன் மெர்வின் தொழில் தொடங்க வாங்கிய கடனுக்கு இந்த வீட்டைத்தான் அடமானம் வைத்தார்கள். தொழில் படுத்துவிட்டது. பாங்க்காரர்கள் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள், பூட்டுக்குச் சீல் வைத்தார்கள், ஏலம் விட்டார்கள். கணவர் ஜெபசீலன் டீக்கடையில் முகம் தெரியாதவர்களிடம்கூட "வீடு போயிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். ஈவ்லின் அந்த ரகமில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று அதட்டிய டீச்சர், தாம்பரத்துச் சபைப் பெண்களிடம் நான்கு மாதமாக "வீட்ல ரிப்பேர் வேலை நடக்குது" என்று புளுகிக்கொண்டிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு. இவள் மறைத்தது முழு வீட்டை.

அந்தப் பெண்களுக்கு ஒரு வழக்கம். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஒரு வீட்டில் ஜெபம். யார் வீடு, எந்த மாதம் என்பதை ஞானஜோதி அக்கா ஜனவரியிலேயே நோட்டில் எழுதிவிடுவாள். பாட்டு, வசனம், மற்றவர்கள் ஜெபம் எல்லாம் முடிந்த பிறகு கடைசி ஜெபம் அந்த வீட்டுக்காக. அதை வீட்டுக்காரம்மாதான் செய்ய வேண்டும், வேறு யாரும் செய்யக்கூடாது. ஆகஸ்ட் மாதம் ஈவ்லினுடையது.

"சொல்லிடு ஈவ்லின்" என்றார் ஜெபசீலன்.

"சொல்றேன், சொல்றேன்" என்றாள். சொல்லவில்லை. சனிக்கிழமை ஜெபம் நாலு மணிக்கு. மூன்று மணிக்கே சிட்லபாக்கம் தெருமுனையில் போய் நின்றுகொள்ள வேண்டியது, வருகிறவர்களைப் பிடித்து, மோட்டார் ரிப்பேர், சபை ஹாலுக்கே போய்விடலாம் என்று திருப்பிவிட வேண்டியது. இதுதான் அவள் போட்ட திட்டம். பதினோரு மணிக்கே கேசரி கிண்டி டப்பாவில் அடைத்தாயிற்று. சாப்பிட்டுவிட்டு ஐந்து நிமிஷம் என்று சாய்ந்தவள், வழக்கம்போல் சிட்லபாக்கத்துக்குப் போய்விட்டாள். குழாயை மூடிவிட்டு விழித்தபோது மணி மூன்றே முக்கால்.

கேசரி டப்பாவோடு ஷேர் ஆட்டோவில் ஏறியும் தூக்கம் முழுதாகக் கலையவில்லை. "எங்கமா எறங்கணும்?" என்று ஓட்டுகிறவர் கேட்டார். "வீட்டுக்கு" என்றாள். அவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "உன் வூடு எனக்கு இன்னாமா தெரியும்?" குரோம்பேட்டை ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறியபோது மேகம் கவிந்து பகலே மங்கியிருந்தது. கீழே ஒரு ரயில் போனது, அதன் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்டது. கால்கள் அவளைக் கேட்காமலேயே திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பின. பழைய தெருவில் யாரும் இல்லை. கறிவேப்பிலை வாசனை வந்தது. வீட்டுக்குள்ளிருந்து பாட்டு கேட்டது, அதுவும் அவளுக்குப் பிடித்த பாட்டு. இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறோம் போலிருக்கிறது என்று நினைத்தாள். கனவில் அந்தக் கேட் சத்தம் போடாது. இப்போது கிறீச்சென்றது.

வாசலில் ஏழெட்டு ஜோடி செருப்புகள். திருப்பிவிட வேண்டியவர்கள் எல்லாம் உள்ளே இருந்தார்கள்.

நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் வெளியே வந்தாள். ஏலத்தில் வீட்டை எடுத்தவள், ஜெயஸ்ரீ. பத்திரத்தில் பார்த்த பெயர்தானே தவிர, ஈவ்லின் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. பார்க்கவும் விரும்பியதில்லை. அந்தப் பெயரைச் சொல்லிப் பல நாள் பொருமியிருக்கிறாள்.

"ஈவ்லின் அக்காதானே?" என்றாள் ஜெயஸ்ரீ தணிந்த குரலில். "இவங்கல்லாம் உங்க பேரைச் சொல்லிக்கினே நேரா உள்ள வந்துட்டாங்க. நீங்க வருவீங்கன்னாங்க. நீ யாரும்மான்னு கேட்டாங்க, இங்கதான் குடியிருக்கேன்னு மட்டும் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லலக்கா. பாய் போட்டேன்."

இவள் ஈவ்லினின் பொய்யை உடைக்கவில்லை. அதற்குக் காவல் வேறு நின்றிருக்கிறாள். தலையைக் காட்டிவிட்டுப் போனால் மானம் தப்பும். எல்லோரும் இவளைக் குடித்தனக்காரி என்று நினைத்துக்கொண்டே கேசரி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றாள் ஜெயஸ்ரீ. "மத்தியானம் கண் அசந்தா, சமையல்கட்டுல யாரோ குழாயை மூடற மாதிரி சத்தம் கேக்குது. போய்ப் பார்த்தா யாரும் இல்ல. சொட்டினுருந்த குழாய் நின்னு போயிருக்கும். உங்களுக்கும் அப்படி இருந்துச்சா?"

ஈவ்லின் தன் விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே ஞானஜோதி அக்கா, "வாம்மா, உன் வீட்டுக்கே லேட்டா வர்றியா?" என்று சிரித்தாள். சுவர்கள் வேறு நிறத்தில் இருந்தன. யேசு படம் மாட்டியிருந்த ஆணியில் இப்போது முருகன் காலண்டர். பெண்கள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராக ஜெபித்து முடித்தார்கள். பிறகு, வழக்கம் மாறாமல், எல்லோரும் கண்ணை மூடி வீட்டுக்காரம்மாவுக்காகக் காத்திருந்தார்கள். பின்னால் கதவோரம் ஜெயஸ்ரீயும் கண்ணை மூடி நின்றாள்.

"ஆண்டவரே" என்று தொடங்கினாள் ஈவ்லின். "இந்த வீட்டுக்காக ஸ்தோத்திரம்." அதற்குமேல் வாய் ஓடவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வீடுதான். அதையே சொன்னாள்.

"சமையல்கட்டு மேற்குச் சுவத்துல ஐப்பசி மழைக்கு ஈரம் எறங்கும். மாடியில தண்ணித்தொட்டிக்குப் பின்னால ஒரு விரிசல் இருக்கு, பூச வர்றவங்க கண்ணுக்கு அதைக் காட்டும். மோட்டார் போட்டா மொதல் ரெண்டு நிமிஷம் கலங்கலாத்தான் வரும், பயந்துடாம பார்த்துக்கும். பின் ரூம் ஜன்னலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சாத்தான் சாத்த வரும்."

யாரோ ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்கள்.

"இதெல்லாம் ஜெயஸ்ரீகிட்ட சொல்லிச் சாவியைக் கொடுத்திருக்கணும். சாவியைக்கூட நான் கொடுக்கல, பாங்க்ல கொடுத்தாங்க. இது என் வீடு இல்ல ஆண்டவரே. இவங்க வீடு. இவங்களை நான் மனசுக்குள்ள திட்டியிருக்கேன், மன்னியும். இங்க இருக்கிற எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். நான் பம்மல்ல, அரிசிக் கடைக்கு மேல ஒரே ரூம்ல இருக்கேன். மத்தியானத்துல நான் இங்க வந்து இவங்களைத் தொந்தரவு பண்ணாதபடி, அங்கேயே எனக்குத் தூக்கம் கொடும்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. அவமானம் கழுத்துவரை ஏறி நிற்க, ஈவ்லின் கண்ணைத் திறக்காமலே இருந்தாள். அப்போது கதவோரத்திலிருந்து, பழக்கமில்லாத நாக்கில், "ஆமென்" என்று ஒரு குரல் வந்தது. அதன் பிறகே மற்றவர்கள் சொன்னார்கள்.

"அக்கா, மோட்டார் எத்தனை நிமிஷம்னு சொன்னீங்க?" என்றாள் ஜெயஸ்ரீ.

"ரெண்டு" என்றாள் ஈவ்லின். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஞானஜோதி அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நோட்டைத் திறந்து, பழைய விலாசத்தின்மேல் ஒரு கோடு இழுத்தாள். "பம்மல்ல எந்தத் தெரு?"

"அங்க எட்டு பேர் உக்கார இடம் இல்லக்கா."

"நின்னுக்கறோம். தெருவைச் சொல்லு."

மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு ஈவ்லின் படுத்தாள். கனவு எதுவும் வரவில்லை. குழாய் சொட்டும் சத்தத்தில்தான் விழித்தாள். கொஞ்ச நேரம் எந்த வீட்டுக் குழாய் என்று புரியாமல் கிடந்தாள். பம்மல் வீட்டுக் குழாய்தான். எழுந்துபோய் இறுக்கி மூடினாள்.