தொட்டிக்குப் பின்னால் இரண்டு கருப்பு

வீட்டுக்காரர் குமாரசாமி துண்டை விரித்துத் தோளில் போர்த்தியபோது பிரான்சிஸுக்கு உடம்பெல்லாம் கூசியது. அன்னூர்ப் பக்கம் புதுவீடு புகும் நாளில், பந்திக்கு முன்பு கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் துண்டு போட்டு மரியாதை செய்வார்கள். இந்த முறை சோலார் பேனல் மாட்டிய பிரான்சிஸுக்கும் கிடைத்தது.

"கருப்பு பேனல்னா கூரை மேல எருமை படுத்தாட்ட இருக்கும், எனக்கு வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். ஓட்டு நெறத்துலயே செஞ்சு குடுத்துட்டாப்ல. கரண்டும் கொறையலீங்க!" என்றார் குமாரசாமி.

விருந்தாளிகள் அண்ணாந்து பார்த்தார்கள். முன்வாசல் சரிவில் செங்கல் நிறத்தில் பன்னிரண்டு பேனல்கள். எது ஓடு, எது பேனல் என்றே தெரியவில்லை. அந்த நிறம் அவன் மனைவி அன்புச்செல்வியுடையது. சிங்காநல்லூர் பட்டறையில் இரண்டு வருடம் கண்ணாடி மேல் பூச்சு பூசிப் பூசிக் கண்டுபிடித்தாள். கருப்பு பத்து யூனிட் கரண்ட் கொடுத்தால் இது ஒன்பது கொடுக்கும் என்றாள். அவனும் ஊரெல்லாம் அதையே சொன்னான். நம்பத்தான் இல்லை. மாட்டும் வேலைக்கு அவள் வராத ஒரு நாளில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டு கருப்பு பேனல்களை ஒளித்து வைத்து இணைத்துவிட்டான்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது அன்புச்செல்வி கைபேசியைப் பார்த்துக்கொண்டே அருகில் வந்தாள்.

"ஏனுங்க, நாலு புள்ளி எட்டு கிலோவாட் காட்டுது."

"நல்லதுதானே அன்பு?"

"நான் சொன்னது நாலுதானுங்க. பூசுனது சாயமுங்க, மந்திரமில்ல."

அவள் மாடிப்படி ஏறினாள். துண்டோடு அவனும் பின்னால் போனான்.

தொட்டிக்குப் பின்னால் அவள் நின்றுவிட்டாள். கீழே யாரோ ரசம் கேட்டுக் கூப்பிட்டார்கள். திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அவள் குனிந்து அந்த இரண்டுக்குமான சுவிட்சை மட்டும் அணைத்தாள். கைபேசியில் எண் இறங்கியது. நாலு புள்ளி ஒன்றில் நின்றது. அதற்குக் கீழே போகவில்லை.

போயிருந்தால்கூட அவனால் தாங்கியிருக்க முடியும்.

"நாலு பேர் முன்னால நீ தலைகுனியக் கூடாதுன்னுதான்..." என்று தொடங்கினான். குனிந்துவிடுமோ என்று அவன் பயந்தது தன் தலையைப் பற்றித்தான்.

"ரெண்டு வருசம் பக்கத்துலயே இருந்தீங்க," என்றாள். "ஒருவாட்டி மீட்டரப் பாத்திருக்கலாமுங்க."

பிரான்சிஸ் கீழே இறங்கி, துண்டை எடுத்துக் குமாரசாமியிடம் நீட்டினான்.

"என்ன தம்பி, பட்டுத் துண்டுதான் வேணுமா?" குமாரசாமி சிரித்தார்.

"மேல ரெண்டு கருப்பு பேனல ஒளிச்சு வெச்சுப்போட்டேனுங்க. அது தேவையே இல்லீங்க. இது முழுக்க என் சம்சாரத்தோட வேலை. நாந்தான் நம்பல."

பக்கத்து இலையில் சாப்பிட்டவரின் கை அப்படியே நின்றது. குமாரசாமி துண்டை வாங்கிக்கொண்டார்.

"அப்ப அந்த எருமை ரெண்டையும் அவுத்து ஓட்டிட்டுப் போயிருங்க," என்றார். யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. துண்டை மடித்துக்கொண்டு படிக்கட்டின் அடியில் போய், "அம்மணி, கீழ வாங்க," என்று கூப்பிட்டார்.

அவள் வரவில்லை. பிரான்சிஸ் ஸ்பேனரோடு மேலே ஏறினான். அவன் போல்ட்டைக் கழற்றும்வரை பேனலின் மறுமுனையை அவள் பிடித்திருந்தாள். அவன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.