ஆறாம் இடத்துச் சாயங்காலம்

கால்பந்து லீக்கின் கடைசி வாரங்களில் எந்த ஊருக்குச் சாயங்காலம் உண்டு, எந்த ஊருக்குக் கிடையாது என்பதைத் தொலைக்காட்சி அட்டவணைதான் தீர்மானிக்கும். எங்கள் தூத்துக்குடிக்கும் அப்படித்தான்.

இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஒரு நாளைக்கு இருப்பது இரண்டு சாயங்காலம். முதல் சேனலுக்கு ஒன்று, இரண்டாவது சேனலுக்கு ஒன்று. மழைக்காலத்தில் சீசன் தொடங்கும்போது எல்லா அணிக்கும் நம்பிக்கை இருக்கும்; முறை வைத்து எல்லா ஊருக்கும் கொடுப்பார்கள். கிறிஸ்துமஸ் கழிந்ததும் நிலைமை மாறிவிடும். முதல் ஆறு இடத்துக்குள் முடித்தால் பிளே-ஆஃப். முதல் இடத்துக்கும் அந்த ஆறாம் இடத்துக்கும் அடித்துக்கொள்கிற அணிகளின் ஆட்டத்தைத்தான் ஜனங்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று விளம்பரக்காரர்கள் சொல்வார்கள். ஆகவே சாயங்காலமும் அந்த ஊர்களுக்கே போகும். மற்ற அணிகள் மதிய வெயிலில், கேமரா இல்லாமல், ஆடித் தீர்க்க வேண்டியதுதான். அந்த ஊர்களில் மதியத்துக்கு அடுத்தது இரவு.

சாயங்காலம் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. மல்லிகை மொட்டாகவே கருகும். பஜ்ஜிக்காரருக்கு எண்ணெய்ச் சட்டியை எப்போது ஏற்றுவது என்று தெரியாது. மாதா கோயில் உபதேசியார் திரிகால மணியில் மூன்றாவதான சாயங்கால மணியை அடிக்காமல் விட்டுவிட்டு, அந்தக் குற்ற உணர்ச்சியில் காலை மணியை நீட்டி அடித்து எங்கள் தூக்கத்தைக் கெடுப்பார். கடற்கரைக்கு நடக்கப் போகிற ரிட்டயர்டு ஆண்கள் வீட்டிலேயே கிடந்து பெண்டாட்டிகளின் உயிரை வாங்குவார்கள்.

என் பிரச்சினை வேறு. என் கணவர் கிளாரன்ஸ் சாயங்காலத்தில் மட்டும்தான் பேசுவார்.

கல்யாணத்துக்கு முன்பே மாமியார் இதைச் சொல்லிவிட்டார்கள்; மறைத்தார்கள் என்று குறை சொல்ல முடியாது. காலையில் தலையாட்டுவார். மதியச் சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் உப்பு ஜாடியைப் பார்ப்பார். இரவு ஜெபத்துக்கு உதடு அசையும், அவ்வளவே. ஷிப்பிங் ஆபீஸ் வேலைக்கு அது போதும். கப்பல்கள் யாரிடமும் பேச்சை எதிர்பார்ப்பதில்லை. ஆனால் பொழுது சாய்ந்து காபி டம்ளரைக் கையில் வாங்கிவிட்டால் மனிதர் நிறுத்த மாட்டார்.

மாசி மாதத்தில் ஒரு நாள், எங்கள் அணிக்குக் கிடைத்த கடைசிச் சாயங்காலத்தில், டம்ளரை வாங்கிக்கொண்டு, "ஜெசி, ஒரு விஷயம் சொல்லணும். பெரிய விஷயம்," என்றார். அந்த நேரம் பார்த்து ஆட்டம் முடிந்து விசில் ஊதிவிட்டார்கள். இருட்டிவிட்டது. அவர் வாயை மூடிக்கொண்டார். நான் டியூப் லைட்டைப் போட்டேன். டியூப் லைட் வெளிச்சம் சாயங்காலத்தில் சேராது.

அதற்குப் பிறகு எங்கள் அணி வரிசையாகத் தோற்று, எட்டாம் இடத்துக்கு இறங்கி, அட்டவணையிலிருந்தே காணாமல் போனது. பெரிய விஷயம் அவர் வாய்க்குள்ளேயே இருந்தது.

எனக்குப் பொறுமை என்பது ஆண்டவர் கொடுக்க மறந்த ஒன்று. கான்வென்ட்டில் ஜெபமாலை சொல்லும்போது ஒரு மணியை விட்டுத் தாவியதற்கு முட்டி போட்டு நின்றவள் நான். இவரிடம் எழுதித் தரச் சொன்னேன். தலையை ஆட்டி மறுத்தார். மதியத்தில் எல்லா ஜன்னலுக்கும் ஆரஞ்சு நிறத் திரை போட்டு, கையில் காபியைக் கொடுத்துப் பார்த்தேன். திரையை ஒரு தரம் பார்த்தார், காபியைக் குடித்தார், படுக்கப் போய்விட்டார்.

ஆக, பந்து உருண்டையா சதுரமா என்று கவலைப்படாத நான் புள்ளிப் பட்டியல் பார்க்க ஆரம்பித்தேன். மாடிப்படிக்கு எதிர் வீட்டு பிலோமிதான் எனக்கு ஆசிரியை. அவளுக்கு எல்லா அணியும் மனப்பாடம்.

"அக்கா, நாம இப்ப ஒரு இடம் ஏறி ஏழு. கடைசி ஆட்டம் பாக்கி. திண்டுக்கல் தோக்கணும். இல்ல, டிரா பண்ணுனாலும் போதும், ஆனா நாம ரெண்டு கோல் வித்தியாசத்துல ஜெயிக்கணும்."

"அவ்வளவுதானே. உன் மாமியாருக்கு நல்ல புத்தி வரணும்னு நீ வேண்டிக்கிறதுக்கு இது எவ்வளவோ லேசு."

"அண்ணன் சொல்ல வந்தது என்னவா இருக்கும்னு நினைக்கீங்க?"

"தெரிஞ்சா நான் ஏன்டி திண்டுக்கல் தோக்கணும்னு தவம் இருக்கேன்?"

கடைசி நாளுக்கென்று ஒரு விதி உண்டு. ஒருவர் முடிவைப் பார்த்து இன்னொருவர் ஆடிவிடக் கூடாது என்பதற்காக எல்லா ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்கும். எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் சாயங்காலம் வேண்டும், இருப்பதோ இரண்டு. முதல் இடத்தில் இருக்கும் நாகர்கோவிலுக்கு ஒன்றும் திண்டுக்கல்லுக்கு ஒன்றும் நேரடியாகக் கொடுத்தார்கள். எங்கள் ஆட்டத்தைப் பூட்டிய மைதானத்தில் ஆட வைத்துப் பதிவு செய்துகொண்டார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு ஒளிபரப்பு என்று அறிவிப்பு வந்தது. எனவே தூத்துக்குடிக்குத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சாயங்காலம்.

பதிவு செய்த சாயங்காலத்தில் ஒரு தொந்தரவு உண்டு. அதில் நடக்க வேண்டியதெல்லாம் ஏற்கனவே நடந்து முடிந்துவிட்டது. நேரடிச் சாயங்காலம் கிடைத்த ஊர்க்காரர்கள் இரவே ஹைலைட்ஸில் எல்லாவற்றையும் பார்த்துவிடுவார்கள், எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்ததையும் சேர்த்து. ஞாயிறு பூசையிலேயே சாமியார் கேட்டுக்கொண்டார்: வெளியூர்ச் சொந்தக்காரர்களின் போனை யாரும் எடுக்க வேண்டாம். காலையில் வந்த பேப்பரை நான் பிரிக்காமல் மீன்காரரிடம் கொடுத்தேன். அவரும் கண்ணை மூடிக்கொண்டுதான் அதில் மீனைச் சுற்றினார்.

பிலோமி போனை எடுத்துவிட்டாள். அவளுடைய தங்கை நாகர்கோவிலில் இருக்கிறாள். ஒன்பது மணிக்குப் பிலோமி என் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா..."

"வாயைத் திறந்தே, இன்னையோட உனக்கும் எனக்கும் பேச்சு கிடையாது."

"ஒரே ஒரு வார்த்தை, அக்கா."

"அரை வார்த்தை வேண்டாம்."

அவள் என் தோளுக்கு மேலாக எட்டி, உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்த என் கணவரைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிரித்தாள். எது முதலில், எது பிறகு என்று நான் கவனிக்காமல் கதவைச் சாத்தினேன். சினிமாவுக்குப் போனால் முடிவைக் கேட்டுக்கொண்டு டிக்கெட் வாங்குகிறவள் நான். அன்று எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை.

பத்து மணிக்குப் பொழுது சாய்ந்தது. உப்பளங்களின் பக்கமிருந்து வெளிச்சம் செம்பு நிறத்தில் தெருவுக்குள் வந்தது. ஆபீஸ்களை விட்டார்கள். உபதேசியார் மணியை அடித்தார். நான் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காபியைக் கொடுத்தேன்.

அவர் பேசினார். ஒரு கிரேக்கக் கப்பலின் கேப்டனுக்குப் பல்வலி வந்ததைச் சொன்னார். ஆபீஸ் ஏசியில் குருவி கூடு கட்டியதைச் சொன்னார். மாசியிலிருந்து சாப்பிட்ட குழம்புகள் ஒவ்வொன்றைப் பற்றியும் அபிப்பிராயம் சொன்னார். இடைவேளை வந்துவிட்டது.

"அந்தப் பெரிய விஷயம்?" என்றேன்.

"வாரேன், வாரேன்."

இரண்டாம் பாதியில் எங்கள் அணி ஒரு கோல் போட்டது. இன்னொன்று வேண்டும். அப்போதுதான் அவர் டம்ளரை உருட்டிக்கொண்டே சொன்னார்.

"நாகர்கோவில்ல ஒரு குடும்பம், ஆட்டக்காரனைக் கேக்குத மாதிரி, என்னைய லோன்ல கேக்காவ, ஜெசி."

"எவ்வளவு காலத்துக்கு?"

"அடுத்த சீசன் முடியுத வரைக்கும். அவங்க அணி முதல் இடம். வரிசையா சாயங்காலம் கிடைக்கு, வீட்டுல பேசுததுக்கு ஆளில்ல. நம்ம வீட்டுல ஆளு இருக்கு, சாயங்காலம் இல்ல."

நியாயமான கோரிக்கைதான். "குடும்பம்னா யார் யாரு?" என்றேன்.

"ஒரு அம்மா. ரெண்டு பொண்ணுக."

"அம்மாவுக்கு என்ன வயசு?"

"அதெல்லாம் நான் கேக்கல."

"கேட்டிருப்பீங்க."

"நாப்பத்தாறு."

"நமக்குப் பதிலுக்கு யாரு?"

"அந்த அம்மாவோட அண்ணன். காலையில பேசுவாராம்."

"காலையிலயா? இட்லித் தட்டையும் குக்கரையும் வச்சுக்கிட்டு நான் அவரு பேச்சைக் கேக்கணுமா?"

"இந்தச் சாயங்காலம் முடியுததுக்குள்ள நீ சரின்னோ இல்லன்னோ சொல்லணும். சொல்லலன்னா விட்டுருவாவ."

"நீங்க என்ன நினைக்கீங்க?"

டம்ளருக்குள் பார்த்தார். "நம்ம அணி தோத்தா மழை வரைக்கும் வாயை மூடிட்டு இருக்கணும். ஒவ்வொரு வருசமும் இருக்கேன். சொல்லாத பேச்சு நெஞ்சுக்குள்ள கட்டி கட்டியா நிக்கும், ஜெசி."

இதை நான் நினைத்ததில்லை. காத்திருக்கிறவள் நான் மட்டும்தான் என்று இத்தனை வருடம் இருந்துவிட்டேன். எத்தனை மதியங்களில் அந்த மனிதர் உப்பு ஜாடியைப் பார்த்தபடி, உப்பைப் பற்றி அல்லாமல் வேறு எதையோ சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்திருப்பார். இல்லை என்று சொன்னால் அவர் பேச்சைப் பிடுங்குகிறேன். சரி என்று சொன்னால் அந்தப் பேச்சு நாகர்கோவிலில், யாரோ போட்ட காபிக்கு நடக்கும்.

டிவியில் கூடுதல் நேரத்துக்கான பலகையைத் தூக்கிக் காட்டினார்கள். எங்கள் பையன்கள் பந்துக்காக ஓடினார்கள். அவர்களுக்கு நேரம் போதவில்லை. எனக்கு நிறைய மீந்திருந்தது.

"சொல்லு, ஜெசி."

"இந்தா வாரேன்," என்று டம்ளரை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். கழுவினேன். துடைத்தேன். துடைத்ததை மறுபடியும் கழுவினேன். திரும்பி வந்து ஜன்னல் திரையின் சுருக்கங்களை ஒவ்வொன்றாக நீவினேன்.

"ஜெசி."

"சேலை மடிப்பு சரியில்லைங்க. ஒரு நிமிஷம்."

மடிப்புகளைப் பிரித்து, விரலில் எடுத்து, தவறாக எடுத்து, மீண்டும் பிரித்தேன். சோற்றுக்கு விசில் எண்ணுவதற்குக்கூடப் பொறுக்காத பெண், அன்று நின்ற இடத்தில் நின்று நேரத்தைக் கடத்தினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாழ்நாள் முழுக்கக் கால்பந்து பார்த்த மனிதர். என்ன நடக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நாற்காலியிலிருந்து மெதுவாக நழுவி, கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் படுத்தார்.

"என்னாச்சு?"

"தசை பிடிச்சுக்கிட்டு."

நான் கீழே உட்கார்ந்து, அவர் பாதத்தை என் கையில் ஏந்தி, விரல்களைப் பின்னுக்குத் தள்ளி நீவிவிட்டேன். அவசரமில்லாமல் நீவினேன். அவர் கண்ணை மூடி முனகினார். அதிகமாக இல்லை, அளவாக. பிலோமியும் அவள் கணவரும் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்தார்கள். எப்போதிருந்து வாசலில் நின்றார்களோ தெரியாது. அவர்களும் மெதுவாகத்தான் வந்தார்கள்.

"அண்ணனைத் தூக்கவா?" என்றாள் பிலோமி.

"எந்தப் பக்கம் தூக்கணும்னு முதல்ல யோசிப்போம்," என்றேன்.

விசில் ஊதிவிட்டார்கள்.

ஒரு கோலில் ஜெயித்திருந்தோம். திண்டுக்கல் டிரா. எங்களுக்கு ஏழாம் இடம். சாயங்காலத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்; பன்னிரண்டு மணி வெயில் வந்து கூடத்தில் நின்றது. இனி மழை தொடங்கும்வரை எங்கள் ஊருக்குச் சாயங்காலம் இல்லை. அவர் வாயை மூடிக்கொண்டார். நாகர்கோவிலுக்குப் போகவில்லை. அவர் பாதம் என் கையில்தான் இருந்தது. நல்லது செய்தேனா கெட்டது செய்தேனா என்று அந்த முகத்தில் தேடினேன்; அவர் என் கைமேல் தன் கையை வைத்து, நீவுவதை நிறுத்த வேண்டாம் என்பதுபோல் அழுத்தினார்.

அழைப்பு மணி அடித்தது. ஆட்டத்தின் நடுவர் வந்திருந்தார். கறுப்புச் சட்டை, வியர்வை, படி ஏறிய மூச்சு. என் பெயரைக் கேட்டார். ஜெசிந்தா மச்சாது என்றேன். நேரம் கடத்தியதற்காக எனக்கு ஒரு மஞ்சள் அட்டை காட்டினார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, நடித்ததற்காக என் கணவருக்கு ஒன்று காட்டினார்.

"இன்னொண்ணு வாங்குனீங்கன்னா ரெண்டு பேரையும் வெளியே அனுப்பிருவோம், மேடம்," என்றார்.

"எங்கே?"

"கன்னியாகுமரிக்கு. அங்க டீம் கிடையாது, சேனல் கிடையாது. தடை முடியுத வரைக்கும் கடலுக்கு முன்னால உக்கார வச்சிருவாங்க. பொழுது அதுபாட்டுக்கு தினமும் சாயும்."

காபி சாப்பிட்டுப் போகச் சொன்னேன். ட்யூட்டியில் குடிப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கத் திரும்பினார்.

உள்ளே என் கணவர் இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டு முனகும் சத்தம் கேட்டது. நான் மாடிப்படியில் நடுவரின் வழியை மறித்து நின்று, கொண்டையை அவிழ்த்து, ஊசிகளை ஒவ்வொன்றாகப் பல்லில் கவ்வி, முதலிலிருந்து போட ஆரம்பித்தேன்.