நடு ஒழுங்கையில் நிறைகுடம்

சுன்னாகத்துக்குக் கிட்ட இருக்கிற அந்த ஒழுங்கைக்குத் தார்க் கார்பெட் போட்டதும் ஊருக்கே தலைகால் தெரியவில்லை. முந்திப் பள்ளத்துக்குப் பயந்து ஊர்ந்த மோட்டார் சைக்கிள்கள் இப்போது பறந்தன. இரண்டு பக்கமும் ஆளுயர மதில். பிள்ளைகள் ஒதுங்க இடமில்லை. போன கிழமை பந்து எடுக்க ஓடிய நிருஷனின் சட்டையை ஒருவன் கிழித்துக்கொண்டே போனான். அன்றைக்கே தாய் தர்சினி கேற்றைப் பூட்டினாள். பெடியன் கம்பியைப் பிடித்தபடி வெறும் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்கு மனம் கேட்கவில்லை.

வேகத்தடை கேட்டுப் பிரதேச சபைக்குப் போனாள். தேர் போகிற ஒழுங்கை, கோயில் மனேச்சரைக் கேளுங்கள் என்று அவர்கள் கைகழுவினார்கள். மனேச்சர் அருளம்பலத்தார் ஒரே போடாகப் போட்டார்.

"மேடு போட்டால் தேர்ச் சில்லு ஏறாது பிள்ளை. பிள்ளையளை வீட்டுக்குள்ளை வைச்சிருங்கோ."

சொல்லிவிட்டு அதே ஒழுங்கையால் அவரும் மோட்டார் சைக்கிளில் பறந்தார்!

அடுத்த நாள் பின்னேரம் தர்சினி ஒரு மேசையைத் தூக்கி வந்து நடு ஒழுங்கையில் வைத்தாள். வாழையிலை, நெல், மாவிலையும் தேங்காயுமாய் ஒரு நிறைகுடம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. பிறகு கேற்றைத் திறந்துவிட்டாள்.

முதலில் வந்த இளந்தாரி பிடித்த பிறேக்கில் சில்லு அலறியது. இறங்கினான், செருப்பைக் கழற்றினான், கன்னத்தில் போட்டுக்கொண்டான், மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான். பின்னால் வந்தவர்களும் அப்படியே. சுவாமி வீதியுலா வருகிறதாக்கும் என்று நினைத்தார்கள். நிறைகுடத்தைக் கண்டால் ஏன் எதற்கென்று கேட்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. மேசைக்கு அங்காலே பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடினார்கள்.

மூன்றாம் நாள் அருளம்பலத்தாரே வந்து மாட்டினார். குடத்தைக் கண்டதும் மனுசனுக்கு முகம் வெளிறிவிட்டது.

"எனக்குச் சொல்லாமல் சுவாமியை வெளிக்கிடுத்திப் போட்டாங்களோ?"

"இல்லை ஐயா. பிள்ளையள் விளையாடுதுகள், அதுதான் வைச்சனான்."

"உதென்ன பகிடி! தூக்கு உதை!"

"நாளைக்குக் கொடியேற்றம். விளக்கு எரியேக்கை நான் தூக்கமாட்டன். நீங்கள் தூக்குங்கோ, ஐயா."

அவர் கையை நீட்டினார். பிறகு மெல்ல மடக்கிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து நிருஷன் ஓங்கி அடித்தான். பந்து நேரே குடத்துக்கு வந்தது. அருளம்பலத்தார் பாய்ந்தார். சால்வை ஒரு பக்கம் போனது, பந்து கைக்குள் இருந்தது.

"அவுட்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"ஐயா எந்த ரீமும் இல்லை! செல்லாது!" என்றான் நிருஷன் அழாக்குறையாக.

"பிடிச்சது பிடிச்சதுதான், போடா!" என்றார் அருளம்பலத்தார்.

அதற்குப் பிறகு மனுசன் வீட்டுக்குப் போகவில்லை. குடம் விழுந்தால் அபசகுனம், பழி மனேச்சர் தலையில். தர்சினியிடம் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் கேட்டு வாங்கி மேசைக்கு முன்னால் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எழும்பி இரண்டு கையையும் விரித்தார்.

"இறங்கி உருட்டடா! பிள்ளையள் விளையாடுதுகள்!"

தர்சினி அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுபோய்க் கொடுத்தாள். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கேட்ட மேடு கிடைத்துவிட்டது. தேர் வந்தால் அதுவே எழும்பி விலகிக்கொள்ளும்.